சின்ன ப்ளேன்: வாடகையா, கிளப்பா, பங்கா, சொந்தமா?

பிபிஎல், அதாவது சொந்த உபயோகத்துக்குப் பறக்கற ப்ரைவேட் பைலட் லைசென்ஸ், கைக்கு வந்த பிறகுதான் உண்மையான கேள்வி ஆரம்பிக்குது. ட்ரெயினிங் நடக்கறப்ப ஸ்கூல் ப்ளேன் இருக்கு, இன்ஸ்ட்ரக்டர் இருக்கார், வாரம் ரெண்டு தடவை போய்ட்டு வந்துடுவோம். லைசென்ஸ் வாங்கினதும் அந்த ஓட்டம் நின்னுடுது. இனிமே எதுல பறக்கறது, எவ்ளோ செலவாகும்னு இங்க கலிஃபோர்னியா பே ஏரியால நம்ம ஆளுங்க கேட்டுட்டே இருக்காங்க, அதனால எனக்குத் தெரிஞ்சதை மொத்தமா எழுதிடறேன். டாலர் கணக்கு எல்லாம் தோராயம்தான், ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட் மாறும்.

முதல்ல வாடகை. செஸ்னா 172ங்கற நாலு சீட் ப்ளேன் ஒண்ணு பெட்ரோலோட சேத்து மணிக்கு 200 டாலர் பக்கம் வரும். மீட்டர்லயே ஒரு விஷயம் இருக்கு, கவனிங்க. ஹாப்ஸ் மீட்டர்னா இஞ்சின் ஓட ஆரம்பிச்சதுல இருந்து கடிகாரம் மாதிரி ஓடும், தரையில ஓட்டிட்டுப் போய் ரன்வே ஓரத்துல க்யூல நிக்கறதுக்கும் காசு. டேக் மீட்டர் இஞ்சின் சுத்தற வேகத்தைப் பொறுத்து ஓடும், தரையில மெதுவாத்தான் நகரும். அதே ட்ரிப்புக்கு ஹாப்ஸ்ல 1.3 மணி நேரம் வந்தா டேக்ல 1.1 கிட்ட வரும். ரெண்டு இடத்து ரேட்டை ஒப்பிடறப்ப எந்த மீட்டர்னு கேக்காம விட்டா அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்ல.

வாடகைல நல்லது என்னன்னா ரிப்பேர், இன்ஸ்பெக்‌ஷன், பார்க்கிங் எதுவும் நம்ம தலைவலி இல்ல. ஆனா சனிக்கிழமை காலைல ஸ்லாட் கிடைக்கறது முகூர்த்த நாள்ல கல்யாண மண்டபம் கிடைக்கற மாதிரி. ராத்திரி வெளியூர்ல தங்கினா ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்னு மினிமம் போட்டுடுவாங்க, பறந்தாலும் பறக்காட்டியும் கட்டணும். ரெண்டர்ஸ் இன்ஷூரன்ஸ் தனியா எடுங்க, ஏன்னா ப்ளேனுக்கு அடிபட்டா ஓனரோட இன்ஷூரன்ஸ் கம்பெனி அவங்களுக்குப் பணத்தைக் குடுத்துட்டு அதை உங்ககிட்ட கேட்டு வர முடியும், இது நிறைய பேருக்குத் தெரியறதே இல்ல.

இதை எல்லாம் விட எனக்குப் பெருசாப் படறது ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ப்ளேனைத் திருப்பிக் குடுத்தே ஆகணும், திங்கள் காலைல வேற ஒருத்தர் புக் பண்ணியிருக்கார், நீங்க எங்கயோ ஒரு ஊர்ல நின்னுட்டு மேகம் இறங்கறதைப் பாத்துட்டு இருக்கீங்க. அப்ப மனசு தானா கணக்கு போட ஆரம்பிக்கும், கொஞ்சம் தாழப் போனா போயிடலாம்னு. அந்தக் கணக்குதான் ஆளைக் கொல்லும். சொந்த ப்ளேனா இருந்தா அங்கயே கட்டிப் போட்டுட்டு வாடகைக் கார் எடுத்து வந்துடலாம். வாடகை ப்ளேன்லயும் அதையேதான் செய்யணும், கூடுதலா ஆகற பணத்தை அன்னைக்கு உயிரோட வீடு வந்ததுக்கான செலவுன்னு வெச்சுக்கணும்.

இப்ப தனியா சொந்தமா வாங்கறது. எழுபதுகள்ல வந்த ஒரு சுமாரான 172 இப்ப ஒரு லட்சம் டாலர் பக்கம் போகுது, அம்பது வருஷப் பழசுக்கு இந்த விலையான்னு கேக்கலாம், ஆனா புதுசு அதைவிடப் பல மடங்கு. அதுக்கு மேல பார்க்கிங், இன்ஷூரன்ஸ், 12 மாசத்துக்கு ஒரு தடவை கட்டாயம் பண்ண வேண்டிய ஆனுவல் இன்ஸ்பெக்‌ஷன், இது எல்லாம் சேந்து வருஷம் 9,000 டாலர்னு வெச்சுப்போம், ப்ளேன் தரையை விட்டுக் கிளம்பலேன்னாலும் இது போகும். பறக்கற ஒவ்வொரு மணிக்கும் எட்டு எட்டரை கேலன் பெட்ரோல், ஆயில், 2,000 மணி நேரம் ஓடினதும் வர்ற இஞ்சின் ஓவர்ஹாலுக்கு (முழுசாப் பிரிச்சுப் புதுப்பிக்கறது) ஒதுக்கற பணம்னு 80 டாலர். வருஷம் 100 மணி பறந்தா மணிக்கு 170 டாலர் ஆகுது, வாடகைய விடக் கம்மி. 40 மணிதான் பறந்தீங்கன்னா 305. வேலை, குழந்தை, வீடுன்னு இருக்கற ஒருத்தர் வருஷம் 100 மணி பறக்கறது சாதாரண விஷயம் இல்லீங்க. இதுல முதல் போட்ட ஒரு லட்சத்தை நான் சேக்கவே இல்ல.

அதோட, பறக்காம நிக்கற ப்ளேன் கெட்டுப் போகும். 172லயும், அதே மாதிரி இன்னொரு நாலு சீட் ப்ளேனான பைப்பர் செரொக்கிலயும் இருக்கற லைகோமிங் இஞ்சின்ல, வால்வைத் திறக்கற காம்ஷாஃப்ட் ப்ரொப்பெல்லரைச் சுத்த வைக்கற கிராங்க்ஷாஃப்ட்டுக்கு மேல உக்காந்திருக்கு. இஞ்சின் நின்னதும் ஆயில் வடிஞ்சு கீழ போயிடும், வாரக்கணக்கா நின்னா மேல இருக்கற இரும்பு ஈரத்துல துருப்பிடிக்கும், அப்புறம் ஸ்டார்ட் பண்றப்ப காம்ஷாஃப்ட் மேல உரசற லிஃப்டர் அந்தத் துருவைத் தேய்ச்சு காம்ஷாஃப்ட்டோட மேடே கரைஞ்சுடும். வெளியில இருந்து பாத்தா பெயின்ட் பளபளன்னு இருக்கும். ஆயில் ஃபில்டரைப் பிரிச்சா மடிப்புல இரும்புத் துகள் மினுக்கும், காந்தத்தை வெச்சா ஒட்டிட்டு வரும். அது ஒரு முழு இஞ்சின் செலவு. அதனாலதான் கம்மியா பறந்த பழைய ப்ளேன்னு விளம்பரம் பாத்தா நான் சந்தோஷப்பட மாட்டேன்.

கிளப் நடுவுல நிக்குது. சேர ஒரு தொகை, மாசா மாசம் சந்தா, பறக்கறதுக்கு வாடகைய விடக் கம்மி ரேட். ஆளுங்க பழக்கம் ஆவாங்க, அனுபவஸ்தர் பக்கத்துல உக்காந்து பறக்கலாம், புதுசா வந்தவங்களுக்கு இதுக்கு விலையே இல்ல. ஆனா ஒரு ப்ளேனுக்கு எத்தனை மெம்பர்னு கேளுங்க, அந்த எண்ணிக்கை ஜாஸ்தியா இருந்தா ஸ்லாட் பிரச்சனை வாடகை மாதிரியேதான்.

நாலு பேர் சேந்து ஒரு ப்ளேன் வாங்கற பங்கு முறைதான் என் ஓட்டு. அதே 9,000 நாலாப் பிரிஞ்சா தலைக்கு 2,250, ஆளுக்கு 40 மணி பறந்தா மணிக்கு 136 டாலர்தான் வருது. முக்கியமா அந்த இஞ்சின் வருஷம் 160 மணி ஓடுது, துருப்பிடிக்க நேரம் கிடையாது. நாமளும் அப்படித்தான், 90 நாள்ல மூணு டேக்ஆஃப் மூணு லேண்டிங் பண்ணினா சட்டப்படி பாசஞ்சரை ஏத்தலாம், ஆனா அது மட்டும் பண்ற ஆளோட குறுக்குக் காத்து லேண்டிங்ல நான் பின் சீட்ல உக்கார மாட்டேன். எந்த ஏற்பாடு உங்களை மாசத்துக்கு ரெண்டு தடவையாவது மேல கொண்டு போகுதோ அதைத்தான் எடுக்கணும், மணிக்கு எவ்ளோங்கறது அதுக்கு அடுத்ததுதான்.

எந்த ப்ளேன்னு கேட்டா, பே ஏரியால ஊர் சுத்திப் பாக்கறதுதான் ஆசைன்னா 172. இறக்கை மேல இருக்கு, கீழ எதுவும் மறைக்காது. அப்ரோச் கன்ட்ரோலர் ரேடியோல க்ளாஸ் பிராவோ (பெரிய ஏர்போர்ட்டைச் சுத்தி இருக்கற, அனுமதி இல்லாம நுழையக் கூடாத வான்வெளி) வழியாப் போகலாம்னு சொன்னதும் கோல்டன் கேட் பாலத்தைச் சுத்தி வரப்ப, மூடுபனிக்கு மேல ரெண்டு சிவப்புக் கோபுரம் மட்டும் நீட்டிட்டு இருக்கும், கார்ல எத்தனை தடவை கடந்திருந்தாலும் அந்தக் காட்சி கிடைக்காது. ஊர்ல இருந்து அம்மா அப்பா வந்தா ரெண்டு பக்கமும் கதவு இருக்கு, படி வெச்சு ஏறிடலாம். பைப்பர் செரொக்கிக்கு ஒரே கதவு, அதுவும் வலது இறக்கை மேல ஏறித்தான் போகணும், முட்டி வலி இருக்கறவங்களுக்கும் புடவை கட்டினவங்களுக்கும் கஷ்டம். பறக்கறதுக்கு செரொக்கி நல்ல நிதானமான ப்ளேன், விலையும் பெரும்பாலும் கொஞ்சம் கம்மி. ஒரே ஒரு விஷயம், அதுல இடது டேங்க் வலது டேங்க்னு நாமதான் மாத்தி மாத்தி விடணும், மறந்தா ஒரு டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கறப்பவே இஞ்சின் நின்னுடும். 172ல ரெண்டையும் சேத்து வெச்சுடலாம்.

ரெண்டுலயுமே நாலு சீட்டுன்னா நாலு பெரியவங்கன்னு நினைக்காதீங்க. டேங்க் ஃபுல் பண்ணினா மூணு பேர், அவ்ளோதான். வெயில் காலத்துல 6,000 அடிக்கு மேல இருக்கற சவுத் லேக் டாஹோல இருந்து கிளம்பறதா இருந்தா, காத்து மெலிசா இருக்கறதால, அதுவே அதிகம்.

சிர்ரஸ் எஸ்ஆர்22 வேற உலகம். 310 குதிரைத்திறன், 172ஐ விட ஒன்றரை மடங்கு வேகம், ப்ளேன் மொத்தத்தையும் தாங்கற பாராசூட். அந்தப் பாராசூட்டையும் 10 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், அது ஆயிரக்கணக்குல. பெட்ரோலும் பிரச்சனை. எங்க சான் ஹோசே ரீட் ஹில்வியூ ஏர்போர்ட்ல 2022 ஜனவரில இருந்து ஈயம் கலந்த 100எல்எல் பெட்ரோல் விக்கறதை கவுன்ட்டி நிறுத்திடுச்சு, சுத்தி இருக்கற பிள்ளைங்க ரத்தத்துல ஈயம் எவ்ளோன்னு ஆய்வு பண்ணினதுக்கு அப்புறம். அது சரியான முடிவுன்னுதான் நான் சொல்வேன். ஆனா அதுக்குப் பதிலா முதல்ல வந்த ஈயம் இல்லாத 94 ஆக்டேன் பெட்ரோல் பழைய கம்மி கம்ப்ரஷன் இஞ்சினுக்குத்தான் ஒத்துவந்தது, சிர்ரஸ் மாதிரி பெரிய இஞ்சினுக்கு ஆகல.

பங்குக்குப் போறவங்க எழுத்துல போட்டுக்க வேண்டியது மூணு. ஒருத்தர் விலகினா அவர் பங்கை யார் எந்த விலைக்கு எடுக்கறது, இஞ்சின் ஃபண்டுக்கு மணிக்கு எவ்ளோ, இடிச்சா இன்ஷூரன்ஸ் டிடக்டிபிள் (இன்ஷூரன்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி நம்ம கைல இருந்து போடற தொகை) யார் கட்றது. நண்பர்களை ஏத்திட்டுப் போனா பெட்ரோல் காசைச் சமமாப் பிரிக்கலாம், உங்க பங்குக்குக் கீழ நீங்க குடுக்கக் கூடாது, அமெரிக்க விமானத்துறை எஃப்ஏஏவோட ரூல் அது. வாங்கறதுக்கு முன்னாடி விக்கறவரோட மெக்கானிக்கை விட்டுட்டு நீங்களா ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க, லாக் புக் முழுசாப் படிக்கச் சொல்லுங்க, முடிஞ்சா ஒரு சிலிண்டரைக் கழட்டி காம்ஷாஃப்ட்டைக் கண்ணால பாக்க அனுமதி கேளுங்க. மாட்டேன்னு சொன்னா அடுத்த ப்ளேனைப் பாருங்க.