சட்டைப்பைக்குள் ஒரு கேமரா: ரிக்கோ ஜிஆர் 3-ஆ, சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7-ஆ?

இரண்டும் 2019-இல் வந்தவை. இரண்டும் பேன்ட் பையில் அடங்கும். ரிக்கோ பேட்டரி, கார்டு சேர்த்து 257 கிராம். சோனி 302 கிராம். சின்ன கேமரா வாங்க நினைப்பவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மெகாபிக்சலை ஒப்பிடுகிறார்கள் (24-க்கு 20). அந்த ஒப்பீடு எதற்கும் உதவாது. ரிக்கோவில் பெரிய சென்சார் (ஒளியைப் படமாக மாற்றும் சில்லு) உண்டு, ஜூம் கிடையாது. சோனியில் சின்ன சென்சார், ஆனால் 24 முதல் 200 மி.மீ. வரை ஜூம் (எண் சிறிதானால் அகலமான காட்சி, பெரிதானால் தூரத்தில் இருப்பது அருகே வரும்). நீங்கள் எடுக்கும் படங்கள் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வெளிச்சத்தில் நடக்கின்றன என்பது தெரிந்துவிட்டால் பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

அதைத் தெரிந்துகொள்ளக் காசு செலவழிக்க வேண்டாம், கைப்பேசியே போதும். அதன் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ. பார்வைக் கோணம் கொண்டது. ரிக்கோவின் 28 மி.மீ.க்கு மிக அருகில். ஒரு வாரம் ஜூமைத் தொடாமல், 1 என்ற எண்ணிலேயே வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள். நாலடி முன்னால் போய் எடுத்துவிடலாம் என்ற இடங்கள் அதிகமா, போகவே வழியில்லாத இடங்கள் அதிகமா என்று எண்ணுங்கள். மேடை, மைதானம், மரக்கிளைப் பறவை எல்லாம் இரண்டாவது வகை. அந்த வகை நிறைய இருந்தால் ரிக்கோவை வாங்கி வருத்தப்பட வேண்டாம்.

வெளிச்சக் கணக்கு

ரிக்கோவில் இருப்பது ஏபிஎஸ்-சி சென்சார், 23.5 × 15.6 மி.மீ. சோனியுடையது '1 அங்குல' சென்சார். பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது: அதன் அளவு 13.2 × 8.8 மி.மீ., மூலைவிட்டமே 16 மி.மீ.தான் வரும். பழைய வீடியோ குழாய்களின் வெளிவிட்டத்தை வைத்துச் சொன்ன பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பரப்பளவில் ரிக்கோ மூன்று மடங்குக்குச் சற்று மேல். அதாவது ஒரே அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது), ஒரே ஷட்டர் (ஒளி உள்ளே விழும் நேரம்) வைத்தால், ரிக்கோ மொத்தமாகப் பிடிக்கும் ஒளி சோனியைவிட ஒன்றரை ஸ்டாப்புக்கும் (ஒரு ஸ்டாப் என்றால் இரட்டிப்பு ஒளி) கொஞ்சம் அதிகம்.

இரவில் விளக்குப் போட்ட ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். எஃப் 2.8, ஐஎஸ்ஓ (ஒளியைப் படத்தில் எவ்வளவு தூக்கிக் காட்டுவது என்ற அளவு) 100 வைத்தால் ஷட்டர் 1/4 நொடி கேட்கும் அளவு வெளிச்சம். ஓரிடத்தில் நிற்காத குழந்தையை எடுக்கக் குறைந்தது 1/125 வேண்டும். ஐந்து ஸ்டாப் ஏற்றினால் ஐஎஸ்ஓ 3200. ரிக்கோவுக்கு இது சிரமமில்லாத இடம். மணல்மணலாக நாய்ஸ் (புள்ளிகள்) தெரிந்தாலும் தோலின் நிறம் கெடாது. சோனியும் 24 மி.மீ.யில் எஃப் 2.8-தான், அதற்கும் ஐஎஸ்ஓ 3200-தான் வரும். ஆனால் பரப்பளவுக் கணக்குப்படி அந்தப் படம் ரிக்கோவின் ஐஎஸ்ஓ 10,000 படத்துக்கு நெருக்கமாக இருக்கும். சோனியின் சென்சார் வடிவமைப்பு புதுசு என்பதால் கொஞ்சம் ஈடுகட்டும், முழுக்க அல்ல.

அதே அறையில் சோனியின் ஜூமை 200 மி.மீ. வரை நீட்டினால் அப்பர்ச்சர் எஃப் 4.5 ஆகச் சுருங்கிவிடும். அந்த நீளத்துக்கு 1/250 ஷட்டராவது வேண்டும். கணக்குப் போட்டால் ஐஎஸ்ஓ 16,000 வருகிறது. ஒற்றைப் படத்துக்கு இந்தக் கேமராவின் உச்சமே 12,800! இரண்டு கேமராவிலும் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்று கேட்கலாம். அது உங்கள் கை நடுக்கத்தைத் தாங்கும். எதிரில் ஓடும் ஆளை நிறுத்தாது. ஆகவே சோனியின் நீண்ட ஜூம் பகல் வெளிச்சத்துக்கான ஜூம். அதைத் தெரிந்து வாங்கினால் மிக நல்ல ஜூம்.

ஜூம் இல்லை என்பதால் ரிக்கோ 28 மி.மீ.யிலேயே நின்றுவிடுவதில்லை. 35, 50 என்று இரண்டு கிராப் வசதி (படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டித் தருவது) உள்ளே உண்டு. முறையே 15, 7 மெகாபிக்சல் படம் தரும். இதில் பலர் கவனிக்காத ஒன்று: 50 மி.மீ. கிராப்பில் ரிக்கோ பயன்படுத்தும் சென்சார் பரப்பு சுமார் 115 சதுர மி.மீ.; சோனியின் முழு சென்சார் 116 சதுர மி.மீ. கிட்டத்தட்ட சமம். அங்கேயும் ரிக்கோவின் லென்ஸ் எஃப் 2.8 ஆகவே திறந்திருக்க, சோனி 50-க்கு வரும்போது அதைவிடச் சுருங்கியிருக்கும். எனவே 50 வரைக்கும் இருட்டில் ரிக்கோ தோற்பதில்லை. இழப்பது நுணுக்கத்தை மட்டும். 7 மெகாபிக்சல் 10 × 7 அங்குல அச்சுக்குத் தாராளமாகப் போதும். அதற்கு அப்பால் இந்த வாதம் செல்லாது. 200 மி.மீ. அளவுக்கு வெட்டினால் ரிக்கோ படத்தில் அரை மெகாபிக்சல்கூட மிஞ்சாது.

ஃபோகஸ்: இங்கேதான் குணம் மாறுகிறது

சோனியில் 357 ஃபேஸ் டிடெக்ஷன் புள்ளிகள் (வேகமாக ஃபோகஸ் பிடிக்க சென்சாரிலேயே உள்ள இடங்கள்). கண்ணைப் பிடித்தால் விடாது. ஆள் திரும்பினாலும் முகம் மறைந்தாலும் பின்தொடரும். நொடிக்கு 20 படம், நடுவில் திரை கறுக்காது. ஒரு எச்சரிக்கை: இந்த 20 படம் எலக்ட்ரானிக் ஷட்டரில்தான். எல்இடி விளக்குக்குக் கீழே எடுத்தால் படத்தின் குறுக்கே பட்டைகள் விழலாம். விழுந்தால் வேகத்தை மறந்து மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றுங்கள். வேறு வைத்தியம் தேட வேண்டாம்.

ரிக்கோவின் ஆட்டோஃபோகஸ் பகலில் சுமார், இருட்டில் தடுமாறும். மங்கிய அறையில் லென்ஸ் முன்னும் பின்னும் போய் வந்து, கடைசியில் பச்சைக் கட்டம் காட்டிவிட்டு ஃபோகஸைத் தவறவிடுவதும் உண்டு. ஓடும் ஆளைத் தொடர்ந்து பிடிக்கும் என்று எதிர்பார்க்கவே கூடாது. இதை மட்டும் பார்த்துவிட்டு ரிக்கோவை ஒதுக்குகிறவர்கள் ஸ்னாப் ஃபோகஸைப் பார்க்காமல் போகிறார்கள்.

ஸ்னாப் ஃபோகஸ் என்பது தூரத்தை முன்கூட்டியே சொல்லிவைப்பது. மெனுவில் 'ஃபுல் பிரஸ் ஸ்னாப்' என்பதை ஆன் செய்து, தூரத்தை 2 மீட்டர் என்று வையுங்கள். பிறகு ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினால் வழக்கமான ஆட்டோஃபோகஸ். நிறுத்தாமல் ஒரே அழுத்தாக அழுத்தினால் கேமரா எதையும் தேடாமல் 2 மீட்டரில் சட்டென்று எடுத்துவிடும். 28 மி.மீ. லென்ஸ் என்பதால் தெளிவு விழும் ஆழம் பெரியது. எஃப் 5.6-இல் 2 மீட்டர் வைத்தால் சுமார் 1.2 மீட்டரிலிருந்து 6 மீட்டர் வரை எல்லாம் தெளிவு. எஃப் 8-இல் 2.5 மீட்டர் வைத்தால் 1.15 மீட்டரிலிருந்து அடிவானம் வரை. தெருவில் நடந்துகொண்டே எடுப்பவருக்கு இதைவிட வேகமான ஃபோகஸ் எந்த விலையிலும் கிடையாது, ஏனென்றால் இங்கே ஃபோகஸ் செய்யும் வேலையே இல்லை.

தவறு எங்கே நேர்கிறது என்றால், எஃப் 8 வைத்ததால் ஷட்டர் வேகம் குறைந்து ஆட்கள் கலங்கிப் போவார்கள். ஆட்டோ ஐஎஸ்ஓவில் குறைந்தபட்ச ஷட்டரை 1/250 என்று கட்டிப்போட்டால் சரியாகிவிடும். அறைக்குள் எஃப் 2.8-இல் ஸ்னாப் வைத்தால் தெளிவு ஒன்றரை முதல் மூன்று மீட்டருக்குள் சுருங்கிவிடும். தூரத்தைக் கண்ணால் மதிப்பிடும் பழக்கம் வந்தபிறகே அதில் இறங்கலாம்.

கையில் பிடித்தால்

ரிக்கோ ஒற்றைக் கைக் கேமரா. வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமே எல்லாவற்றையும் மாற்றிவிடும். ஆன் செய்து 0.8 நொடியில் தயார். முன்பக்கப் பிடிமானம் சின்னதுதான், ஆனால் நழுவாது. சோனி சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். ஒட்டும் பிடி ஒன்று தனியாக விற்கிறார்கள், கேமராவோடு அதையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். லென்ஸைச் சுற்றியுள்ள வளையம் 'க்ளிக்' சத்தமின்றிச் சுழல்வதால், எத்தனை படி மாற்றினோம் என்பது விரலுக்குத் தெரியாது, திரையைப் பார்த்தாக வேண்டும்.

வெயிலில் கதை மாறும். சோனியின் இடது மூலையிலிருந்து வ்யூஃபைண்டர் எழும்பி வரும். கண்ணை ஒட்டிவைத்தால் உச்சிவெயில் ஒரு பொருட்டே இல்லை. திரையும் மேலே 180 டிகிரி, கீழே 90 டிகிரி மடங்கும். ரிக்கோவில் வ்யூஃபைண்டர் கிடையாது, திரை அசையாது. திரையின் வெளிச்சத்தை வெளிப்புறத்துக்கென ஏற்றும் வசதி இருக்கிறது. அதை ஒரு பொத்தானில் வைத்துக்கொண்டாலும் நேர்வெயிலில் சட்டகத்தின் ஓரங்கள் தெரியாமல்தான் எடுப்பீர்கள். ஃப்ளாஷும் ரிக்கோவில் இல்லை, மேலே ஹாட் ஷூ (தனி ஃப்ளாஷ் மாட்டும் இடம்) மட்டும் உண்டு. சோனியில் குட்டி ஃப்ளாஷ் உள்ளேயே இருக்கிறது, ஹாட் ஷூ இல்லை.

வீடியோ முக்கியம் என்றால் யோசிக்கவே வேண்டாம், சோனி. 4கே, மைக் சொருக இடம், முகம் பார்த்துப் பேச மடங்கும் திரை. நீளமாக எடுத்தால் சூடாகி அணையும். மெனுவில் 'ஆட்டோ பவர் ஆஃப் டெம்பரேச்சர்' என்பதை ஹை என்று வைத்தால் தாங்கும் நேரம் கூடும். ரிக்கோவில் வீடியோ பேருக்கு இருக்கிறது.

பேட்டரி இரண்டிலும் மோசம். தயாரிப்பாளர் கணக்கே ரிக்கோவுக்கு 200 படம், சோனிக்கு 260. ரிக்கோவுக்கு இரண்டு உபரி பேட்டரி, சோனிக்கு ஒன்று என்று செலவுக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.

எதை வாங்கலாம்?

ஊர் சுற்றல், குழந்தையின் விளையாட்டு விழா, கொஞ்சம் வீடியோ என்று ஒரே கேமராவில் எல்லாம் வேண்டுமானால் சோனி. இருக்கிற கைப்பேசி செய்வதையே இன்னும் நன்றாகச் செய்ய வேண்டும், பக்கத்தில் இருக்கும் மனிதர்கள், தெரு, மாலை வெளிச்சம் என்றால் ரிக்கோ. சோனியை வாங்கிவிட்டு 24 மி.மீ.யிலேயே எடுத்துக்கொண்டிருப்பது பெரிய வீண். சில கைப்பேசிகளிலேயே 1 அங்குல சென்சார் வந்துவிட்டது, அதுவும் இதைவிட அகலத் திறக்கும் லென்ஸோடு.

இரண்டுக்கும் நடுவே ஊசலாடுகிறவர்கள் இன்னும் இரண்டைப் பார்க்கலாம். 28 அகலமாகப் பட்டால் 2021-இல் வந்த ஜிஆர் 3எக்ஸ்: அதே உடல், 40 மி.மீ. கோணம். ஜூமும் வேண்டும் இருட்டும் வேண்டும் என்றால் பழைய ஆர்எக்ஸ்100 மார்க் 5ஏ: 24 முதல் 70 மி.மீ. வரைதான், ஆனால் எஃப் 1.8-இல் தொடங்குகிறது. 24 மி.மீ.யில் அந்தத் திறப்பு, சென்சார் பரப்பில் விட்ட இடத்தைப் பெரும்பாலும் பிடித்துவிடும். மார்க் 7-இல் இல்லாத என்டி ஃபில்டரும் (அதிக வெளிச்சத்தைக் குறைக்கும் வடிகட்டி) அதன் உள்ளேயே உண்டு.

பழையது வாங்கும்போது

இந்த இரண்டு கேமராவுக்கும் பொதுவான நோய் தூசி. லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும் காற்றை இழுக்கிறது. பையிலிருக்கும் பஞ்சும் தூளும் கூடவே போய் சென்சாரில் உட்காருகின்றன. லென்ஸைக் கழற்ற முடியாது, எனவே ஊதித் துடைக்கவும் முடியாது. சர்வீஸில் பிரித்தால்தான் உண்டு. ரிக்கோ சென்சாரை அதிரவைத்துத் தூசியை உதறும், ஒட்டிக்கொண்டதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

சோதிக்க ஒரு வெள்ளைச் சுவர் போதும். ஐஎஸ்ஓ 100 வைத்து, அப்பர்ச்சரை முழுக்கச் சுருக்குங்கள்: ரிக்கோவில் எஃப் 16, சோனியில் எஃப் 11. ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிட்டு, கேமராவை மெல்ல அசைத்தபடி ஒரு படம். சுவரின் கறைகள் அசைவில் கரைந்துவிடும். சென்சாரின் தூசி மட்டும் சாம்பல் வட்டமாக அதே இடத்தில் நிற்கும். எஃப் 5.6-இலும் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்து ஒரு செய்தித்தாளைச் சுவரில் தட்டையாக ஒட்டி, நேர் எதிரே நின்று, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து எடுங்கள். சோனியில் 24, 70, 200 என மூன்று நீளத்திலும். நான்கு மூலை எழுத்துகளும் ஒரே அளவு தெளிவாக இருக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் குழைந்திருந்தால் கேமரா எங்கோ கீழே விழுந்து லென்ஸ் சாய்ந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். கடைசியாகப் பத்துத் தடவை ஆன், ஆஃப் செய்து, லென்ஸ் நீளும் சத்தத்தைக் காதருகே வைத்துக் கேளுங்கள். நரநரவென்று கேட்டால் உள்ளே மணல். அந்தக் கேமரா இன்றைக்கு வேலை செய்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.