வாங்கும்போது கட்டணம், திருப்பிக் கேட்டால் காணிக்கை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இரண்டரை வருடம் இருந்த ஆன்மிக இயக்கத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் போடும் தெம்பு இப்போது இல்லை. அதோடு, பெயரைச் சொன்னால் 'அதுவா, நான் அந்தப் பக்கமே போக மாட்டேன்' என்று நிம்மதியாகிவிடுவீர்கள். அப்புறம் வேறு பெயர்ப்பலகை மாட்டிய இடத்தில் போய் உட்கார்ந்து அதே படிவத்தை நிரப்புவீர்கள்.

எனக்கும் படிவத்தில்தான் தொடங்கியது. அம்மா போய் நான்கு மாதம். ராத்திரி தூக்கம் கிடையாது. கூட வேலை பார்த்த நண்பர், 'இலவசமாக ஒரு பரிசோதனை செய்கிறார்கள், சும்மா வந்து பாருங்கள்' என்று கூட்டிப்போனார். நூற்றுக்கு மேல் கேள்விகள். எழுதி முடித்ததும் ஒரு வரைபடத்தைக் காட்டினார்கள். கோடு பள்ளத்தில் விழும் இடத்தில் விரலை வைத்து, 'இங்கே ஒரு தீராத துக்கம் தெரிகிறதே' என்றார் ஆலோசகர். ஆடிப்போய்விட்டேன். அம்மா இறந்ததை வாசலில் பெயர் பதியும்போது நானேதான் சொல்லியிருந்தேன். அது உறைக்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

முதல் வகுப்பு மூன்று நாள், ஒரு ஜோடி செருப்பு வாங்கும் காசுதான். நியாயமாகச் சொன்னால் அது எனக்கு நல்லதுதான் செய்தது. ஒரு மனிதர் இரண்டு மணி நேரம் குறுக்கே பேசாமல் நான் சொல்வதைக் கேட்டார். அழுதேன். அன்று ராத்திரி தூங்கினேன். இதை மறைத்துவிட்டு எழுதினால் நான் ஏன் அங்கேயே தங்கினேன் என்பது யாருக்கும் புரியாது.

இரண்டாம் நிலைக்குப் பாதி மாதச் சம்பளம். மூன்றாம் நிலைக்கு இரண்டு மாதச் சம்பளம். நான்காவதில் என்ன சொல்லித் தருவார்கள், அதற்கு எவ்வளவு, மொத்தம் எத்தனை நிலை என்று கேட்டால் ஒரே பதில்: 'அதற்கு நீங்கள் இன்னும் தயாராகவில்லை.' நாம் ஏற ஏறத்தான் அடுத்த படியைக் கட்டுவார்கள் போல. சரி, இறங்கிவிடலாம் என்று நினைத்தால் அதுவரை கொடுத்ததெல்லாம் வீணாகிவிடுமே என்று மனசு கணக்குப் போடும். என்னை யாரும் கையைப் பிடித்து நிறுத்தவில்லை, அந்தக் கணக்கே நிறுத்திவிட்டது.

பிறகு வந்தது முன்பணத் திட்டம். தனி அமர்வுகள் 60 மணி நேரத்தை மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி. கையில் பணம் இல்லை என்றேன். ஆலோசகர் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பர்சனல் லோன் விண்ணப்பத்தை என்னோடு சேர்ந்தே நிரப்பினார். கடன் எதற்கு என்று கேட்டிருந்த இடத்தில் 'வீடு பழுதுபார்க்க' என்று எழுதச் சொன்னதும் அவர்தான். எழுதினேன். கையெழுத்து என்னுடையது, அதை மறுக்கவில்லை.

அந்தக் கடனின் தவணை கட்டுவதிலேயே கழுத்து நெரிந்தபோது, வாராந்தர வகுப்பில் மட்டும் ஒரு மாதம் காசில்லாமல் உட்கார அனுமதி கேட்டேன். 'இலவசமாகக் கிடைத்தால் பலிக்காது, இது கட்டணப் பயிற்சி' என்றார்கள். ஆறு மாதம் கழித்து, என்னைக் கூட்டிவந்த நண்பருக்கு நான் கட்டிய ஒவ்வொரு தொகையிலும் பங்கு போயிருக்கிறது என்று தெரிந்தது. அன்றோடு விட்டுப் போயிற்று. பயன்படுத்தாத 31 மணி நேரத்துக்கான பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டேன். அதே மேஜை, அதே ஆள். 'காணிக்கையை யாராவது திருப்பிக் கேட்பார்களா?'

வீட்டுக்கு வந்து ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் 'சுயவிருப்பத்தின் பேரில் அளித்த காணிக்கை' என்று அச்சடித்திருந்தது. இரண்டரை வருடத்தில் ஒரு தடவைகூட நான் அதைப் படித்ததில்லை.

அப்புறம்தான் மற்ற இயக்கங்களுக்குப் பணம் எப்படி வருகிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சயின்டாலஜி பற்றிய அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1989 தீர்ப்பு ஒன்று கையில் கிடைத்தது, ஹெர்னாண்டஸ் வழக்கு. எல். ரான் ஹப்பார்ட் 1950களில் தொடங்கிய இயக்கம் அது. ஈ-மீட்டர் என்ற கருவியை வைத்துக்கொண்டு ஒருவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள், அதற்கு 'ஆடிட்டிங்' என்று பெயர். அதற்கு வாங்கும் பணத்தின் பெயர்தான் அழகு: 'நிர்ணயிக்கப்பட்ட நன்கொடை'. 1972இல் பன்னிரண்டரை மணி நேரத்துக்கு 625 டாலர், 100 மணி நேரத்துக்கு 4,250 டாலர் என்று தீர்ப்பிலேயே விலை இருக்கிறது. இலவச ஆளுமைப் பரிசோதனை, முன்பணம் கட்டினால் 5 சதவீதத் தள்ளுபடி, எதைப் பெற்றாலும் பதிலுக்கு ஒன்று கொடுத்தாக வேண்டும் என்ற கோட்பாடு, எல்லாமே அதில் உண்டு. என் கதையை யாரோ எனக்கு முன்னாலேயே எழுதி வைத்த மாதிரி இருந்தது.

உறுப்பினர்கள் அந்தப் பணத்தை நன்கொடை என்று காட்டி வரிவிலக்குக் கேட்டார்கள். பணத்துக்குப் பதிலாகச் சேவை வாங்கியிருக்கிறீர்கள், இது நன்கொடை ஆகாது என்றது நீதிமன்றம். ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும்: பயன்படுத்தாத நேரத்துக்கான முன்பணத்தை அங்கே நிர்வாகச் செலவைக் கழித்துக்கொண்டு பல சமயம் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. எனக்கு அதுவும் வாய்க்கவில்லை.

கதை அதோடு முடியவில்லை. கலிஃபோர்னியாவிலிருந்த அவர்களது அமைப்பின் வரிவிலக்கை 1967இல் ரத்து செய்த அமெரிக்க வருமான வரித்துறை, 1993இல் சமரசத்துக்கு வந்தது. சயின்டாலஜி சர்ச் 1.25 கோடி டாலர் கட்டியது, வரிவிலக்கு திரும்பியது. நன்கொடை ஆகாது என்று நீதிமன்றம் சொன்ன அதே பணத்தை உறுப்பினர்கள் நன்கொடையாகக் காட்டவும் வழி பிறந்தது. பிரான்ஸில் காற்று வேறு பக்கம் அடித்தது. தெருவில் இலவசப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஒரு பெண்ணின் புகாரில் தொடங்கிய வழக்கில், 2009இல் பாரிஸ் நீதிமன்றம் திட்டமிட்ட மோசடி என்று சொல்லி இரண்டு சயின்டாலஜி அமைப்புகளுக்கு மொத்தம் 6 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. 2013இல் மேல்முறையீடு முழுவதும் முடிந்தும் அது நிலைத்தது.

படிக்கட்டு முறை இல்லாத இடங்களிலும் பணம் வேறு வாசல் வழியாக உள்ளே போகிறது. ஜப்பானில், கொரியாவில் தொடங்கிய யூனிஃபிகேஷன் சர்ச் என்ற மத இயக்கத்தின் மீது நெடுங்காலமாக இருந்த புகார், முன்னோரின் பாவம் உங்கள் குடும்பத்தைத் தொடர்கிறது என்று பயமுறுத்திச் சாடிகளையும் முத்திரைகளையும் பெரும் விலைக்கு விற்றார்கள் என்பது. ஒரு தாய் சுமார் 10 கோடி யென் கொடுத்துக் குடும்பமே நொடித்துப்போனது. அவருடைய மகன்தான் 2022இல் முன்னாள் பிரதமர் ஷின்ஸோ அபேயைச் சுட்டவர். அந்த ஆண்டு டிசம்பரிலேயே அங்கே புதுச் சட்டம் வந்தது. கடன் வாங்கியோ குடியிருக்கும் வீட்டை விற்றோ நன்கொடை கொடு என்று யாரையும் கேட்கக் கூடாது என்கிறது அது. என் பக்கத்தில் இழுத்துப் போட்ட அந்த நாற்காலிதான் எனக்கு ஞாபகம் வந்தது. 2025 மார்ச்சில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அந்த அமைப்பையே கலைக்க உத்தரவிட்டது.

புது இயக்கம் என்றாலே இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1990 முதல் அமெரிக்காவில் தங்கள் பத்திரிகைகளுக்கு விலை வைப்பதை நிறுத்திவிட்டார்கள், மனமிருந்தால் கொடு என்பதோடு சரி. கணக்கைத் திறந்து காட்டும் சின்னக் குழுக்களும் உண்டு.

ரசீதே இல்லாமல் போன ஒன்று, உழைப்பு. விடுமுறை நாட்களில் துண்டறிக்கை மடித்தேன், பட்டியலைப் பார்த்துப் புதியவர்களுக்குப் போன் செய்தேன். 'சும்மா வந்து பாருங்கள்' என்று என் வாயாலேயே சொன்னேன். அப்படி வந்த இருவரில் ஒருவர் இன்று என்னோடு பேசுவதில்லை. அவர் கட்டியதில் எனக்கும் பங்கு வந்தது. அதை என் அடுத்த நிலைக்கே பிடித்துக்கொண்டார்கள். அந்தத் தொகையை மட்டும் அவருக்கு அனுப்பிவிட்டேன். பதில் வரவில்லை, வர வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

போகிறவர்கள் போகட்டும், நம்பிக்கை அவரவர் விஷயம். முதல் நாளே கடைசிப் படி வரைக்கும் விலைப்பட்டியலை எழுத்தில் கேளுங்கள். முன்பணம் வேண்டாம், உட்கார்ந்த மணி நேரத்துக்கு மட்டும் கொடுங்கள். ரசீதில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று அங்கேயே நின்று படியுங்கள். கூட்டிவந்தவரிடம் இதில் உங்களுக்கு எவ்வளவு என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். நான் வெட்கப்பட்டேன். கடன் விண்ணப்பத்தை இன்னொருவர் உங்களுக்காக நிரப்ப ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடன் இன்னும் 14 தவணை பாக்கி. போன வாரம் அங்கிருந்து ஒரு செய்தி வந்தது. என் கணக்கில் 31 மணி நேரம் மீதமிருக்கிறதாம், இந்த மாதத்துக்குள் வந்து புதுப்பித்தால் காலாவதி ஆகாதாம். புதுப்பிக்கக் கட்டணம் உண்டு.