விதியா, வாதமா? அணு உலைக்குள் வரும் செயற்கை நுண்ணறிவும் இரு நாட்டு ஒழுங்குமுறைகளும்

1979 மார்ச் 28 அதிகாலையில், பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் இரண்டாம் அலகில், கட்டுப்பாட்டறை விளக்கு ஒன்று அணைந்தது. அழுத்தத்தைத் தளர்த்தும் வால்வு மூடிக்கொண்டது என்று இயக்குநர்கள் எடுத்துக்கொண்டனர். ஆனால் மூடுவதற்கான கட்டளை போய்விட்டது என்பதை மட்டுமே அந்த விளக்கு காட்டியது. வால்வு திறந்த நிலையிலேயே சிக்கியிருந்தது. கருவி சொல்வதற்கும் உண்மையில் நடப்பதற்கும் இடையே உள்ள இந்தத் தூரத்தை யார், எப்படி அளப்பது என்ற கேள்விக்கு அமெரிக்காவும் பிரிட்டனும் வெவ்வேறு விடைகள் வைத்திருக்கின்றன. செயற்கை நுண்ணறிவு உலைக்கு அருகே வரும்போது அந்த வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது.

அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் விதிகளை முன்கூட்டியே எழுதிவைக்கும் மரபைச் சேர்ந்தது. மின், மின்னணுப் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான ஐ.இ.இ.இ. பாதுகாப்பு அமைப்புகளுக்காக வகுத்த 603 தரநிலை, 1991ஆம் ஆண்டுப் பதிப்பு என்ற அடையாளத்துடனேயே அதன் விதிமுறைக்குள் இணைக்கப்பட்டிருக்கிறது. நிலையத்தில் செய்யும் மாற்றத்திற்கு முன் அனுமதி தேவையா என்பதை 50.59ஆம் விதியின் எட்டு அளவுகோல்களைக் கொண்டு உரிமதாரரே முதலில் சோதித்துக்கொள்வார். 2023இல் வெளியான ஆணையத்தின் செயற்கை நுண்ணறிவுத் திட்ட ஆவணம் இந்த மரபுக்கு ஒரு பயனுள்ள படிக்கட்டைச் சேர்த்தது: முதல் இரண்டு படிகளில் மனிதர் முடிவெடுக்க இயந்திரம் துணை நிற்கிறது, மூன்றாம் படியில் இயந்திரம் எடுக்கும் முடிவை மனிதர் மேற்பார்வையிடுகிறார், நான்காம் படியில் மனிதர் தலையீடே இல்லை. தயாரிப்பு நிறுவனத்துக்குத் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பது முதல் நாளே தெரிந்துவிடும் என்பது இதன் பெரிய வசதி.

பிரிட்டனின் அணு ஒழுங்குமுறை அலுவலகம் இலக்கைச் சொல்லும், வழியைச் சொல்லாது. உரிமத்தோடு 36 நிபந்தனைகள் வரும். அபாயத்தை நியாயமாக இயலும் அளவுக்குக் குறைத்துவிட்டோம் என்று வாதிட்டு நிறுவுவது உரிமதாரரின் பொறுப்பு. கணினி சார்ந்த பாதுகாப்பு அமைப்பென்றால் அந்த வாதம் இரண்டு கால்களில் நிற்க வேண்டும்: உருவாக்கிய முறை சிறப்பாக இருந்தது என்பது ஒன்று, உருவாக்கியவரைச் சாராத சோதனை அதன் மீது நம்பிக்கை தந்தது என்பது மற்றொன்று.

இந்த மரபு சும்மா வந்ததல்ல. 1995இல் மின்தொகுப்பில் இணைந்த சைஸ்வெல் பி உலையின் முதன்மைப் பாதுகாப்பு அமைப்பு மென்பொருளால் இயங்குவது. அந்த மென்பொருள் மீது வைக்கக்கூடிய நம்பிக்கைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, மென்பொருளே இல்லாத, காந்த உள்ளகங்களால் ஆன இரண்டாவது பாதுகாப்பு அமைப்பையும் அங்கே வைத்தார்கள். உச்சவரம்பு ஏன் வேண்டும் என்பதற்குச் சிறு கணக்கு போதும். ஓர் அமைப்பு, அது செயல்பட வேண்டிய 10,000 தருணங்களில் ஒரு முறைக்கு மேல் தவறாது என்பதை 99 விழுக்காடு உறுதியோடு சோதனையால் மட்டும் காட்ட வேண்டுமானால், ஏறத்தாழ 46,000 சோதனைகள் ஒரு பிழையும் இல்லாமல் முடிய வேண்டும். வரி வரியாக எழுதிய நிரலுக்கு இதைச் செய்து முடித்தால், நிரல் மாறாத வரை அந்தச் சான்று நிற்கும்; தரவிலிருந்து கற்கும் மாதிரிக்கோ, மறுபடி கற்பித்த மறுகணமே எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். உருவாக்கிய முறை என்ற முதல் காலும் இங்கே தள்ளாடுகிறது, ஏனென்றால் கற்றுக்கொண்ட நடத்தையை ஒப்பிட்டுச் சரிபார்க்க, அமைப்பு என்ன செய்ய வேண்டும் என்று முழுமையாகச் சொல்லும் ஆவணம் பெரும்பாலும் இருப்பதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் மூன்றாவது வழியில் போகிறது. 2024 ஆகஸ்ட் 1இல் நடைமுறைக்கு வந்த அதன் செயற்கை நுண்ணறிவுப் பொதுச் சட்டம், மின் வழங்கலின் பாதுகாப்புக் கூறுகளாகச் செயல்படும் அமைப்புகளை உயர் அபாயப் பட்டியலில் வைக்கிறது. அணு உலையை அந்தப் பட்டியல் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. வலை அகலமாக இருக்கிறது, கண்ணிகள் உலைக்கென்று பின்னப்பட்டவை அல்ல.

நடைமுறையில் இன்று உலைக்கு அருகே வந்திருப்பது பெரும்பாலும் ஆவணத் தேடல்தான். 2024 நவம்பரில் கலிபோர்னியாவின் டயப்லோ கேன்யன் நிலையத்தில் நிறுவப்படுவதாக அறிவிக்கப்பட்ட ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியும் இந்த வகையே. இத்தகைய கருவிக்கு அமெரிக்கப் படிக்கட்டின் முதல் படி போதும் என்றே எனக்குத் தோன்றுகிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: பராமரிப்புப் பணியாளர் கேட்டதற்கு வரும் விடையில், மூல ஆவணத்தின் எண்ணும் திருத்தப் பதிப்பும் கண்ணெதிரே இருக்க வேண்டும். காலாவதியான நடைமுறைத் தாளை நம்பி வால்வைத் திருகுபவர் கையில் உலை இருக்கிறது. படிநிலை எண்ணைப் பார்த்து அந்த அபாயம் ஒதுங்கிப் போகாது.

மூன்றாம் நான்காம் படிகளுக்கு என் வாக்கு பிரிட்டன் முறைக்கே. நேற்றுவரை இல்லாத தொழில்நுட்பத்துக்கு விதி எழுதக் காத்திருப்பதைவிட, சான்று கொண்டு வா என்று கேட்பது நேர்மையானது. ஆனால் அந்தச் சான்றை எடைபோடத் தெரிந்த ஆய்வாளர்கள் மேசைக்கு இந்தப் பக்கம் இல்லையென்றால், தடித்த கோப்பே சான்றாகிவிடும் ஆபத்து இதில் உண்டு. சுற்றுச்சூழல் முகமையோடு சேர்ந்து பிரிட்டனின் அணு ஒழுங்குமுறை அலுவலகம் செயற்கை நுண்ணறிவுக்கான ஒரு சோதனைக்களத்தை நடத்தி, 2023இல் அதன் முடிவுகளை வெளியிட்டதை அந்தக் குறையைத் தானே உணர்ந்ததன் அடையாளமாகவே பார்க்கிறேன்.

2024 செப்டம்பரில் அமெரிக்க, பிரிட்டன் அணு ஒழுங்குமுறை அமைப்புகளும் கனடிய அணுப் பாதுகாப்பு ஆணையமும் ஒரு கூட்டு ஆவணத்தை வெளியிட்டன. தன்னாட்சி எவ்வளவு, தவறினால் விளைவு எவ்வளவு என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அதன் அணுகுமுறை. இதில் நான் கூடுதலாகக் கேட்பது ஒன்றுதான்: மாதிரிக்கு மறுபடி கற்பிப்பதைச் சாதாரண மென்பொருள் புதுப்பிப்பாகக் கருதாமல், குழாயையோ பம்பையோ மாற்றுவதற்கு இணையான ஆலை மாற்றமாக இரு நாட்டு உரிமதாரர்களும் பதிவு செய்து, மதிப்பீட்டுக்கு உட்படுத்த வேண்டும்.