கிறிஸ்மஸுக்குக் குளத்தைச் சூடாக்க: சோலாரா, ஹீட் பம்பா, கேஸா?

டிசம்பரில் நாகர்கோவிலில் நீச்சல் குளத்துக்கு ஹீட்டர் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். இது என்ன ஊட்டியா? கேள்வி நியாயம்தான், இங்கே இரவில்கூட 22, 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆனால் தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக இழுத்துவிடும். மார்கழிக் காலையில் குளம் 25 டிகிரியில் கிடந்தால், வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்த பிள்ளைகள் கொஞ்ச நேரத்திலேயே பல் கிட்டிக் கரையேறிவிடும். பெரியவர்களோ காலை நனைத்துப் பார்த்துவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார்கள். 29 டிகிரி இருந்தால் எல்லோரும் இறங்குவார்கள். அந்த நாலு டிகிரியை எப்படி ஏற்றுவது என்பதில்தான் போட்டி.

கணக்குக்கு ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஒன்றே கால் மீட்டர் ஆழம்: 40,000 லிட்டர். இதில் ஒரு டிகிரி ஏற்ற சுமார் 46 யூனிட் வெப்பம் வேண்டும் (மின்சார பில்லில் வரும் அதே யூனிட்தான், கிலோவாட் மணி). நாலு டிகிரிக்கு ஏறக்குறைய 186 யூனிட். இனி வரும் எல்லா வழிகளும் இந்த 186-ஐ யார் எப்படித் தருகிறார்கள் என்பதுதான். மாடியில் இருக்கும் 200 லிட்டர் சோலார் கீசரைத் திருப்பிவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 60 டிகிரி வெந்நீரை முழுவதும் கொட்டினாலும் குளம் 0.2 டிகிரிகூட ஏறாது.

ஹீட்டர் வாங்கும் முன் குளத்துக்கு ஒரு மூடி வாங்குங்கள். குமிழி வைத்த பிளாஸ்டிக் விரிப்பு, குமிழிப் பக்கம் தண்ணீரைப் பார்க்க வேண்டும். குளம் சூட்டை இழப்பதில் பெரும்பங்கு ஆவியாதலால்தான். நம் கணக்குக் குளத்தில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய அரை டிகிரி போய்விடும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் காற்று வீசும் வெளியில் வீடு இருந்தால் ஒரே இரவில் நீங்கள் ஏற்றியதில் பாதி காணாமல் போகலாம். மூடி போட்டால் இந்த இழப்பு பெரும்பாலும் நின்றுவிடும். மழை குளத்தைக் குளிர வைத்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. 50 மில்லிமீட்டர் பெருமழை பெய்து அந்தத் தண்ணீர் முழுவதும் குளத்தில் விழுந்தாலும் குறைவது கால் டிகிரிக்குள்தான். மழையின் உண்மையான சேதம் வேறு இடத்தில்: வெயில் இல்லாமல் போகும், குளோரின் நீர்த்துப்போகும்.

சோலாரை முதலில் பார்ப்போம், ஏனென்றால் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். குளத்துக்கென்று வருபவை கண்ணாடி இல்லாத கறுப்புக் குழாய்ப் பாய்கள். ஃபில்டர் மோட்டாரே தண்ணீரை மாடிக்கு ஏற்றி, பாய்க்குள் ஓடவிட்டு, திரும்பக் குளத்தில் விடும். குளத்தின் பரப்பில் பாதியிலிருந்து முழு அளவு வரை பாய் வேண்டும். நம் குளத்துக்கு 20 சதுர மீட்டர் என்று வைத்தால், நல்ல வெயில் நாளில் ஒரு டிகிரி ஏறும். மூடியும் இருந்தால் நாலைந்து நாளில் காரியம் முடிந்தது. மின்சாரச் செலவு மோட்டாருக்கு மட்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் மாதத்தில். விருந்தாளி வருவது டிசம்பர் கடைசி வாரம். வடகிழக்குப் பருவமழையின் வால் அப்போதுதான் இந்தப் பக்கம் ஆடிக்கொண்டிருக்கும். 23, 24 தேதிகளில் வானம் மூடிக்கொண்டால் பாய் சும்மா கிடக்கும். சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் மாதம் என்பதால் பாயும் தெற்குப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். தென்னையும் பலாவும் நிழல் போடாத மாடி குலசேகரம், திருவட்டார்ப் பக்கம் எத்தனை வீட்டுக்கு இருக்கிறது? இன்னொன்று, 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. மாடியில் எதை விரித்தாலும் இறுக்கிக் கட்டியாக வேண்டும். வருடம் முழுவதும் காலையில் நீந்தும் வீட்டுக்கு சோலார் பாய் நல்ல முதலீடு. பண்டிகை வாரத்துக்கு மட்டும் என்றால் அதை நம்பி விருந்தாளியை அழைக்க மாட்டேன்.

என் கட்சி ஹீட் பம்ப். ஏசியைத் திருப்பி வைத்த மாதிரிதான் அதன் வேலை: வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சித் தண்ணீரில் விடும். சூட்டை மின்சாரத்தால் உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஐந்து யூனிட் வெப்பம் வரை கிடைக்கும். காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். குளிர்நாடுகளில் திணறும் இந்தப் பெட்டிக்கு நம்மூர் டிசம்பர் காற்று பிரமாதமான தீனி. மழை மூட்டமும் இரவும் அதற்குப் பொருட்டே இல்லை. நம் 186 யூனிட் வெப்பத்துக்குச் சுமார் 40 யூனிட் மின்சாரம். 12 கிலோவாட் வெப்பம் தரும் பெட்டி என்றால் பதினாறு மணி நேரம் ஓட வேண்டும். 22-ஆம் தேதி ஓடவிட்டு மூடி போட்டு வைத்தால், கரோல்காரர்கள் பாடிவிட்டுப் போன மறுநாள் குளம் தயார். மின்கட்டணத்தில் மட்டும் ஒரு கண் வையுங்கள்: இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படியே மாறிவிடும்.

குறைகளும் உண்டு. வாங்கும்போது கை கடிக்கும். கடற்கரையில், முட்டம், குளச்சல், மணக்குடிப் பக்கம், உப்புக்காற்று பெட்டியின் அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். பூச்சுப் போட்ட தகடா என்று கேட்டு வாங்குங்கள், அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உள்ளே இருக்கும் வெப்பமாற்றி டைட்டானியமாக இருக்கட்டும், குளோரினுக்குத் தாக்குப்பிடிப்பது அதுதான். சர்க்யூட் போர்டுக்குள் பல்லி ஏறாமல் வலை அடியுங்கள். நிறையப் பேர் இதை மோட்டார் ரூமுக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். தான் வெளியே தள்ளிய குளிர்ந்த காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டு வீணாக ஓடும். திறந்தவெளியில்தான் அதன் இடம்.

கேஸ் ஹீட்டரின் பலம் வேகம். 60 கிலோவாட் பெட்டி நாலு டிகிரியை ஏறக்குறைய நாலு மணி நேரத்தில் ஏற்றிவிடும். மதியம் முடிவு செய்து மாலையில் குளிக்கலாம். ஒரு முறைக்குச் சுமார் 17 கிலோ கேஸ், அதாவது ஒரு 19 கிலோ வணிக சிலிண்டர் கிட்டத்தட்டக் காலி. அடுப்படியில் இருக்கும் வீட்டுச் சிலிண்டரை இதற்கு இழுக்கக் கூடாது, அது சமையலுக்கு மட்டும். ஒரே சிலிண்டரை மாட்டினாலும் ஓடாது. அவ்வளவு வேகத்தில் வாயு கிளம்பாமல் சிலிண்டரின் வெளிப்புறம் உறைபனி படர்ந்துவிடும். நாலைந்தை ஒரே குழாயில் இணைக்க வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பள்ளத்தில் தேங்கும். பெரும்பாலான வீடுகளில் குளத்து மோட்டார் ரூமே பள்ளத்தில்தான் இருக்கிறது. எனக்கு இது ஒன்றே போதும், வேண்டாம் என்று சொல்ல. வருடத்தில் ஒரே ஒரு ராத்திரி விருந்து, அதுவும் வெளியே விசாலமாக இடம் உண்டு, முறையாகப் பொருத்த ஆளும் உண்டு என்றால் மட்டும் யோசிக்கலாம்.

கம்பி ஹீட்டரைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 186 யூனிட் வெப்பத்துக்கு 186 யூனிட் மின்சாரம். த்ரீ பேஸ், கூடுதல் லோடு, பெரிய பில்.

ரப்பர்த் தோட்டக்காரர் வீட்டில் எப்படியும் ஒருவர் விறகு யோசனையோடு வருவார். “சும்மா கிடக்குற விறகுதானே மச்சான், அடுப்பு மேல செம்புக் குழாயச் சுத்தி விட்டா முடிஞ்சுது.” காய்ந்த விறகு கிலோவுக்கு நாலு யூனிட் வெப்பம் தரும், அதில் பாதி புகையோடு போனாலும் தொண்ணூறு கிலோ சொச்சம் எரித்தால் நாலு டிகிரி ஏறும். கணக்கு சரிதான். ஆனால் குளோரின் தண்ணீர் செம்பைக் கரைக்கும். குளத்தின் வெள்ளை டைல்ஸில் பச்சைக் கறை பிடித்தால் போக்க மச்சான் வரமாட்டார்.

மாடி காலியாக இருக்கிறது, வருடம் முழுவதும் பயன்பட வேண்டும் என்பவர்களுக்கு சோலாரையும் ஹீட் பம்பையும் சேர்த்து ஒரு வழி இருக்கிறது. கறுப்புப் பாய் விரிக்கும் அதே 20 சதுர மீட்டரில் மின்சார சோலார் பேனல் போட்டால் வெயில் நாளில் 14 யூனிட் போலக் கிடைக்கும். அதை ஹீட் பம்புக்குக் கொடுத்தால் 70 யூனிட் வெப்பம். பாய் தருவதோ 45 போல. குளம் தேவைப்படாத மாதங்களில் அதே மின்சாரம் ஃபிரிட்ஜையும் ஃபேனையும் ஓட்டும். செலவு கூடும், ஆனால் குளத்துக்கென்று மட்டும் போடும் செலவாக இராது.

எதைப் பொருத்தினாலும் தண்ணீரைச் சூடாக்கும் முன் சுத்தமாக்குங்கள். சூடு ஏற ஏறக் குளோரின் வேகமாகத் தீரும், பாசிக்கும் அது பிடித்த பருவம். பிஎச் 7.2 முதல் 7.6, குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு தண்ணீரில் இத்தனை பங்கு) நிற்கட்டும். செம்மண் பகுதி போர் தண்ணீரில் இரும்பு இருந்தால், குளோரின் பட்டதும் குளம் கட்டன்சாயா (பால் விடாத டீ) நிறத்துக்கு மாறும். அதனால் புதுத் தண்ணீர் விடுவதையும் அதிகக் குளோரின் போடுவதையும் விருந்துக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். அதிகக் குளோரினைச் சாயங்காலம் போட்டு, அன்றிரவு மட்டும் மூடியைத் திறந்தே வையுங்கள். அளவு 3-க்குக் கீழே இறங்கிய பிறகே யாரையும் இறக்க வேண்டும்.

மூடியைப் பாதி சுருட்டிவிட்டுப் பிள்ளைகளை விடாதீர்கள். அடியில் போய் மாட்டிக்கொண்டால் மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளைக் கரையில் உட்கார வைக்கும்போது பந்தி பரிமாறும் பொறுப்பு இல்லாதவராக, கையில் போனும் கிளாஸும் இல்லாதவராகப் பாருங்கள். குளத்துப் பக்கம் ஸ்டாருக்கும் சீரியல் பல்புக்கும் வயர் இழுத்தால் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாகத்தான். ஆறரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும் மாதம் இது. குளியலை மூன்று மணிக்கு வைத்தால் வெயிலே ஒரு டிகிரி உதவும். இருட்டியதும் மூடியை விரித்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போகலாம்.