பைண்டிங் விட்டுப்போன கன்கார்டன்ஸும் 2428-ஆம் எண்ணும்

பைபிளில் ஒரு சொல் எந்தெந்த வசனத்தில் வருகிறது என்று தேடிப் பார்க்கும் ஸ்ட்ராங் கன்கார்டன்ஸ் வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். என்னுடையது இப்போது பைண்டரிடம் கிடக்கிறது. முதுகு கழன்று, பின்னாலிருக்கும் எபிரெய அகராதி தனிப் புத்தகமாகவே வந்துவிட்டது. அந்தப் பகுதிக்குத்தான் என்னிடம் வேலை அதிகம். கனம், பொடி எழுத்து எல்லாம் தெரிந்த கதை.

இந்தப் புத்தகத்தின் சுகம் எண்ணில் இருக்கிறது. 1890-இல் வந்த புத்தகம். மூலமொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், எபிரெயத்துக்கு மட்டும் 8674 எண்கள். ரூத் 3:11-இல் போவாஸ் ரூத்தைக் 'குணசாலி' என்கிறான். கிங் ஜேம்ஸ் என்ற பழைய ஆங்கில பைபிளில் 'வர்ச்சுவஸ்'. அதைத் தேடினால் மூன்றே வசனங்கள்: ரூத் 3:11, நீதிமொழிகள் 12:4, 31:10. மூன்றும் பெண்களைப் பற்றியவை. மூன்றுக்கும் ஓரத்தில் 2428, அதாவது ஹயில் என்ற எபிரெயச் சொல். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே போனால் ரூத் 2:1-இல் போவாஸே நிற்கிறான், 'ஆஸ்திக்காரனாக'. நியாயாதிபதிகள் 6:12-இல் கிதியோன் 'பராக்கிரமசாலி'. யாத்திராகமம் 14:4-இல் பார்வோனின் ராணுவம். ஆம்பளைக்கு வந்தால் சொத்து, வீரம், படை. பொம்பளைக்கு வந்தால் நல்ல குணம்! எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், இதைக் காட்டிக்கொடுத்தது ஓரத்து எண்தான்.

சகரியா 4:6 இன்னும் வேடிக்கை. 'பலத்தினாலும் அல்ல, பராக்கிரமத்தினாலும் அல்ல' என்பதில் ஹயிலுக்குப் 'பலம்' போயிருக்கிறது. 'பராக்கிரமம்' இங்கே கோவாஹ் என்ற வேறு சொல்லுக்கு, எண் 3581. கிதியோனின் பராக்கிரமம் வேறு, இது வேறு. தமிழை மட்டும் வைத்துக்கொண்டு இது பிடிபடாது.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். 2428-க்கு ஸ்ட்ராங் தரும் விளக்கம் ரத்தினச் சுருக்கம்: ஆட்களாலோ பொருளாலோ வேறு வசதிகளாலோ அமையும் வலிமை; கூடவே படை, செல்வம், நற்குணம், வீரம், பலம் என்று சில சொற்கள். அப்புறம் ஒரு முக்காற்புள்ளி, ஒரு கோடு. அதற்குப் பிறகு வருவது அர்த்தமே இல்லை. கிங் ஜேம்ஸ்காரர்கள் அந்தச் சொல்லை எப்படியெல்லாம் பெயர்த்தார்கள் என்ற பட்டியல். 1 இராஜாக்கள் 10:2-இல் சேபாவின் ராணி கூட்டிவந்த பரிவாரம்கூட அதில் உண்டு. இரண்டும் ஒரே பத்தியில். கண்ணில் படாத அந்தக் குறியைக் கவனிக்காமல், ஹோட்டல் மெனு மாதிரி வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டு, "குணசாலி என்றால் எபிரெயத்தில் படை!" என்று பிரசங்கிகள் ஒலிபெருக்கியில் முழங்குகிறார்கள். படைக்கும் குணசாலிப் பெண்ணுக்கும் ஒரே சொல் வருவது உண்மைதான். அதற்காக, வசனத்தில் யாரைப் பற்றிய பேச்சு என்று பார்க்க வேண்டாமா?

குறியின் பொருளை அகராதியின் முன்பக்கத்தில் எழுதித்தான் வைத்திருக்கிறார், பாவம். யார் படிக்கிறார்கள்?

நண்பருக்குச் சொன்னேன்: வாங்க வேண்டாம். காப்புரிமை போய் எத்தனையோ காலமாகிறது, போன் ஆப்பிலேயே சும்மா கிடைக்கிறது. என்னுடையதை இரவல் கேட்கவும் வேண்டாம். பைண்டரிடம் கெட்டியான காலிகோ முதுகு போடச் சொல்லியிருக்கிறேன்.