முட்டைக்கோழித் தீவனம்: ஆலை மூட்டையா, சொந்த அரைவையா, அடர்தீவனக் கலவையா?

முட்டை உற்பத்திச் செலவில் ஏறத்தாழ 70 விழுக்காடு தீவனத்துக்கே போகிறது. முட்டையிடும் பருவத்தில் ஒரு கோழி நாளொன்றுக்கு 105 முதல் 115 கிராம் வரை உண்ணுகிறது. ஐயாயிரம் கோழி வளர்ப்பவர் தினமும் அரை டன்னுக்கு மேல் தீவனம் வைக்க வேண்டும். அவர் முன் மூன்று வழிகள் உள்ளன: தீவன ஆலையின் முழுத் தீவனத்தை மூட்டையாக வாங்கலாம், நாமக்கல்லின் பெரிய பண்ணைகளைப் போலத் தாமே அரைத்துக் கலக்கலாம், புரதமும் தாதுவும் செறிந்த அடர்தீவனத்தை வாங்கி மக்காச்சோளம் சேர்த்துக்கொள்ளலாம். இவற்றை விலை கொண்டு ஒப்பிடுவதே வழக்கம். தரம் கெட்டால் அதை யார், எந்தக் கட்டத்தில் கண்டுபிடிக்க முடியும் என்பதையே நான் முதன்மையான அளவுகோலாகக் கொள்கிறேன்.

ஆலைத் தீவனத்துக்கு எழுதப்பட்ட தரம் ஒன்று இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1374, முட்டையிடும் முதல் கட்டத்தில் கச்சாப் புரதம் குறைந்தது 18 விழுக்காடு, இரண்டாம் கட்டத்தில் 16 விழுக்காடு என்றும், ஈரப்பதம் 11 விழுக்காட்டுக்கும் அஃப்ளாடாக்சின் பி1 என்னும் பூஞ்சை நச்சு நூறு கோடியில் 20 பங்குக்கும் மேற்படக் கூடாது என்றும் வரையறுக்கிறது. ஆயினும் அந்தத் தரத்துக்கான முத்திரையைப் பெறுவது பெரும்பாலும் ஆலையின் விருப்பமாகவே இருந்து வந்திருக்கிறது. மேலும், கச்சாப் புரதம் என்று மூட்டையில் அச்சிடப்படும் எண், தீவனத்திலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கிப் பெறப்படுவது. யூரியாவைக் கலந்தாலும் அந்த எண் உயரும். கோழிக்கு அதனால் எப்பயனும் இல்லை. 2008இல் சீனாவிலிருந்து ஹாங்காங் சென்ற முட்டைகளில் மெலமின் என்னும் நைட்ரஜன் மிகுந்த தொழிற்சாலை வேதிப்பொருள் கண்டறியப்பட்டபோது, புரத அளவை உயர்த்திக் காட்டும் இதே வகைக் கலப்படம் தீவனத்தின் வழியே முட்டை வரை வந்திருந்தது வெளிப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏற்பாடு இவ்விடத்தில் ஒப்புநோக்கத் தக்கது. 1999இல் பெல்ஜியத்தில் தீவனக் கொழுப்பில் பி.சி.பி., டையாக்சின் நச்சுகள் கலந்தன. முட்டை உற்பத்தி சரிந்ததும் குஞ்சு பொரிப்பு குறைந்ததுமே முதல் அறிகுறிகளாக இருந்தன. பின்னர் வந்த 183/2005 விதி, தீவனத் தொழிலில் உள்ள ஒவ்வொருவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும், எந்தச் சரக்கு எங்கிருந்து வந்து எங்கே போயிற்று என்பதைத் தடம் பிடிக்கக் கூடியதாக வைத்திருக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. 2011 ஜனவரியில் ஜெர்மனியில் மீண்டும் டையாக்சின் கலந்தபோது, 4,700க்கும் மேற்பட்ட பண்ணைகளின் விற்பனையை அதிகாரிகள் முன்னெச்சரிக்கையாக நிறுத்திவைக்க இத்தகைய பதிவேடுகள் உதவின. வாங்கும் தீவனத்தில் ஒழுங்குமுறை தரக்கூடிய பெரிய பாதுகாப்பு இந்தத் தடமறிதலே என்பது என் கருத்து. ஆகவே தொகுதி எண் இல்லாத மூட்டை எவ்வளவு மலிவாக வந்தாலும் அதை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சொந்த அரைவையின் பலம், மூலப்பொருள் லாரியிலிருந்து இறங்கும்போதே கையில் எடுத்துப் பார்க்க முடிவதுதான். ஈரம் மிகுந்த மக்காச்சோளத்தைத் திருப்பி அனுப்பலாம். சோயாப் புண்ணாக்கு சரியாக வறுபட்டதா என்பதை யூரியேஸ் சோதனையால் அறியலாம். கருவாட்டுத் தூளில் கலந்த மணலை அமிலத்தில் கரையாச் சாம்பல் அளவு காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பூஞ்சை நச்சு கண்ணுக்குத் தெரிவதில்லை. சரக்கு முழுவதும் சீராகப் பரவியிருப்பதுமில்லை. ஒரு மூட்டையில் அள்ளிய ஒரு பிடி சுத்தமாக இருக்க, அடுத்த மூட்டையின் சில மணிகளில் நச்சு குவிந்திருக்கலாம். பல மூட்டைகளில் குத்தூசியால் எடுத்து ஒன்றாகக் கலந்து அனுப்பாத மாதிரிக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் எவ்வளவு துல்லியமாக விடை தந்தாலும், அந்த விடை லோடு முழுவதற்கும் பொருந்தாது. எத்தனால் ஆலைகளில் மிஞ்சும் உலர் மக்காச்சோளச் சக்கையான டி.டி.ஜி.எஸ்.ஸைச் சோயாவுக்குப் பதிலாகச் சேர்ப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும்; மாவுச்சத்து வெளியேறிவிடுவதால் மூலத் தானியத்தில் இருந்த நச்சு அதில் ஏறத்தாழ மூன்று மடங்காகச் செறிந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய குறை ஒழுங்குமுறையில் இருக்கிறது. நம் விதிகள் விற்கப்படும் தீவனத்தையே முதன்மையாகக் கருதி எழுதப்பட்டவை. தன் கோழிக்குத் தானே அரைப்பவரின் மிக்சருக்குள் என்ன போகிறது என்பதைச் சொல்லும் லேபிள் எதுவும் இல்லை. வளர்ச்சி ஊக்கியாக நுண்ணுயிர்க்கொல்லிகளைச் சேர்ப்பதை ஐரோப்பா 2006இலேயே முற்றாக நிறுத்தியது. இந்தியா 2019இல் கொலிஸ்டின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியை உணவுக்கான கால்நடைகளுக்கும் தீவனச் சேர்க்கைக்கும் தடை செய்தது. இறைச்சிக்கோழிக்கு மருந்தை நிறுத்தி, சில நாள் கழித்து விற்க வழியுண்டு. முட்டைக்கோழியோ மருந்து உண்ணும் நாளிலும் முட்டையிடுகிறது; மருந்தின் எச்சம் அந்த முட்டையில் சேரக்கூடும். ஐரோப்பிய விதி, சேர்க்கைப் பொருள்களைக் கொண்டு பண்ணையிலேயே கலப்பவரையும் ஆலைக்குரிய கடமைகளுக்குள் கொண்டுவருகிறது. நாமக்கல்லின் பெரிய அரைவைக் கூடங்களுக்கும் அவ்வாறு பதிவும் மாதிரி எடுப்பும் தேவை என்றே நான் உறுதியாக எண்ணுகிறேன்.

அடர்தீவன வழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புரதமும் தாதுவும் ஆலையின் பொறுப்பு, தானியம் பண்ணையாளரின் பொறுப்பு எனப் பிரிந்துவிடுவதால், உற்பத்தி விழுந்தால் பழி யாருடையது என்று கண்டுபிடிப்பது கடினம். மண்வெட்டியால் புரட்டிக் கலந்தால் டன்னுக்குக் கிலோ கணக்கில் மட்டுமே சேரும் வைட்டமினும் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலமும் சீராகப் பரவுவதில்லை.

ஐம்பதாயிரம் கோழிக்கு மேல் வளர்த்து, இறங்கும் ஒவ்வொரு லோடையும் சோதிக்க ஆளும் கருவியும் வைத்திருப்பவருக்குச் சொந்த அரைவை சிறந்தது. சில ஆயிரம் கோழி வளர்ப்பவர், தொகுதி வாரியாக ஆய்வறிக்கை தரச் சம்மதிக்கும் ஆலையின் மூட்டையை வாங்கி, ஒவ்வொரு தொகுதியிலும் அரைக் கிலோவை எடுத்து, காற்றுப் புகாமல் அடைத்துத் தேதியிட்டு வைத்துக்கொள்வது நல்லது. சொந்தக் காட்டு மக்காச்சோளத்தை நன்கு காயவைத்து இருப்பு வைத்திருப்பவருக்கு மட்டும், அதுவும் மிக்சர் இருந்தால், அடர்தீவனம் ஏற்றது.