லூசில் பாலா, பெட்டி வைட்டா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத் திருவிழா மேடைகளில் நகைச்சுவை நாடகம் போடும் பெண்பிள்ளைகள் டிவி கனவோடு வந்தால், நான் இரண்டு அமெரிக்க நடிகைகளைக் காட்டுவேன்.

லூசில் பால் நடித்த ‘ஐ லவ் லூசி’ என்ற டிவி நகைச்சுவைத் தொடர் 1951இல் தொடங்கியது. அதில் ஒரு காட்சி: கன்வேயர் பெல்ட் வேகமெடுக்க, சாக்லேட்டைத் தாளில் சுற்ற முடியாமல் வாயிலும் சட்டைக்குள்ளும் திணிப்பார். வசனமே வேண்டாம், கையுறைத் தொழிற்சாலையில் லைனில் நிற்கும் எங்கள் ஊர் அக்காமார் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வியாபாரத்திலும் கெட்டிக்காரி. கணவரோடு டெசிலு என்ற டிவி தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். விவாகரத்துக்குப் பின், 1962இல், அந்தக் கணவரின் பங்கையும் வாங்கித் தானே நடத்தினார்.

பெட்டி வைட்டும் 1950களிலேயே தயாரிப்பில் இறங்கியவர்தான். ஆனால் அவர் நடித்த ‘தி கோல்டன் கேர்ள்ஸ்’ நகைச்சுவைத் தொடர் 1985இல் வந்தபோது அவருக்கு வயது 63. மறு ஆண்டே அமெரிக்க டிவியின் எம்மி விருது. 2021இல், 99 வயதில் மறையும்வரை மவுசு குறையவில்லை.

சிரிக்க வைப்பதில் லூசிதான், சந்தேகமில்லை. ஆனால் கல்யாணம் ஆனதும் “இனி என்ன நடிப்பு?” என்று கேட்கிற ஊர் இது. (ஸ்டூடியோ வாங்க இங்கே யாரிடம் காசு?) அதனால் வயதான பிறகும் ஜெயிக்கலாம் என்று காட்டிய பெட்டியின் பாதைதான் ஒத்துவரும் என்பேன். அப்புறம், லூசியின் அந்த முகபாவங்களைக் கண்ணாடி முன் நின்று பழகிக்கொள்ளட்டும்.